கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம் யாரும் பிரஷர் பார்க்கவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 45 வயதைத் தாண்டிய பெண்களுடையவை, இல்லையென்றால் அவர்களுக்காக மகளோ கணவரோ எழுதியவை. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஏறும் ரத்தக்கொதிப்பு பற்றித்தான் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மா, எனக்கு 48 வயசு. வீட்டிலேயே பீடி சுத்துறேன். ஒரு வருஷமா மாதவிலக்கு இஷ்டத்துக்கு வருது, ரெண்டு மாசம் வராது, வந்தா பத்து நாள் நிக்காது. திடீர்னு நெஞ்சுலேர்ந்து சூடு ஏறி முகமெல்லாம் வேர்த்துக்கொட்டுது. போன மாசம் முழங்கால் வலிக்குப் போனப்போ பிரஷர் 152/96னு சொன்னாங்க. மாமியார், "எல்லாம் அந்த வயசுக் கோளாறு, தூரம் நின்னா தன்னால அடங்கிடும்"னு சொல்றாங்க. அடங்குமா? — வாசகி, குடியாத்தம்

அடங்காது தங்கச்சி. உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. திடீர்ச் சூடு, வேர்வை, தூக்கம் கெடுவது, எரிச்சல் இதெல்லாம் பலருக்குச் சில வருஷங்களில் தானாகவே குறைந்துவிடும். பிரஷர் அப்படி இல்லை, அது மாதவிலக்கு நின்ற பிறகுதான் இன்னும் ஏறப் பார்க்கும்.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் மாத்திரை போடுகிறவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். நம் ரத்தக்குழாயின் உட்புறம் மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. வெறும் மேல்பூச்சு என்று நினைக்காதீர்கள், அது வேலை செய்கிற உறுப்பு. நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவை அதுதான் சுரக்கிறது, அந்த வாயு பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரியும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். பெண் உடம்பில் இந்த வாயு தாராளமாகச் சுரக்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. இளம் வயதில் பெண்களுக்கு அதே வயது ஆண்களைவிட பிரஷர் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சினைப்பை ஓயத் தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, குழாய் விரிந்து கொடுப்பது குறைகிறது, வருஷங்கள் போகப் போக அதன் சுவரே விறைத்துப் போகிறது. மோட்டார் பம்பில் மாட்டுகிற ரப்பர் ஹோஸ் புதிதில் எப்படி வளையும், அதையே இரண்டு கோடை நம் ஊர் வெயிலில் போட்டு வைத்தால் எப்படி ஆகும் என்று பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். கூடவே சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வது அதிகமாகும், இடுப்பில் இருந்த சதை வயிற்றுக்கு வரும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஓரிரு வருஷத்திலேயே சட்டென்று ஏறும். அதாவது பிரஷர் தனியாக ஏறுவதில்லை, கூட்டாளிகளோடு ஏறுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாசக் கணக்கில் போட்டால் அதுவே பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முறத்தை மடியில் வைத்துக் காலை முதல் இரவு வரை குனிந்து உட்கார்ந்தால் முழங்காலும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும், அந்த வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டே ஓட்டுகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஐந்து நிமிஷம் நடங்கள். கூலி எண்ணிக்கையில் என்பது தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஒரு தடவை பார்த்த 152/96ஐ மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வலியோடு போயிருக்கிறீர்கள், வலியே ஏற்றிக் காட்டும். வேறு வேறு நாளில் இன்னும் இரண்டு தடவை பாருங்கள். அப்போதும் 140/90க்கு மேல் இருந்தால் அது ரத்தக்கொதிப்புதான். அதோடு சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், தைராய்டு, ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். பத்து நாள் ரத்தப்போக்கு என்பது தனி விஷயம், அதை மகப்பேறு மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள், ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள். போக்கை நிறுத்த ஹார்மோன் மாத்திரை எழுதப் போகிறார்கள் என்றால், எழுதும் முன்பே "எனக்கு பிரஷர் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சில ஹார்மோன் மாத்திரைகள் பிரஷரை ஏற்றும்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வயது 51. வீட்டுக்கு பிரஷர் மெஷின் வாங்கினேன். காலையில் 128 காட்டுகிறது, சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் 155, பத்து நிமிஷம் கழித்து 139. மெஷின் கெட்டுவிட்டதா? — வாசகி, ஆம்பூர்

மெஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், பார்க்கிற விதத்தில்தான் கோளாறு. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மூச்சோடு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது, கையை மேசைமேல் மார்பு உயரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கும்போது பேசாதீர்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலும் ஏறிக் காட்டும். அரை மணிக்குள் குடித்த காபி, டீயும் அப்படித்தான்.

நம் பெண்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு, ஜாக்கெட் கை. இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அதற்குக் கீழே பட்டையைக் கட்டினால் அந்தச் சுருட்டலே கையைக் கவ்விப் பிடிக்கும், அளவு தப்பாகும். துணிமேல் கட்டினாலும் தப்பு. பார்க்கும் நேரத்துக்கு மட்டும் நைட்டியோ தளர்ந்த கை வைத்த ஜாக்கெட்டோ போட்டுக்கொள்ளுங்கள். மேல்கை பருமனாக இருந்தால் மெஷினோடு வரும் பட்டை பத்தாது, சின்னப் பட்டையில் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகத்தான் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

ஒரு வாரம் காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஒரு நிமிஷ இடைவெளியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85ஐத் தொட்டாலே ரத்தக்கொதிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. மேல் அளவு 168, கீழ் அளவு 72. "கீழே உள்ளது நார்மல்தானே, அப்புறம் எதுக்கு மாத்திரை"னு நிறுத்திட்டாங்க. தலைவலியோ தலைசுற்றலோ எதுவுமே இல்லை. — மகள், காட்பாடி

அம்மாவை உடனே திரும்ப மாத்திரைக்குக் கொண்டு வாருங்கள். மேலே சொன்ன விறைத்த ஹோஸ் இங்கேதான் வருகிறது. இதயம் அடித்துத் தள்ளுகிற ரத்தத்தை வாங்கிக்கொள்ள பெரிய குழாய் விரிந்து கொடுக்க வேண்டும், விறைத்த குழாய் விரியாது, அதனால் மேல் அளவு எகிறும். இதயம் ஓய்வு எடுக்கிற நொடியில் குழாய் சுருங்கி ரத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் நடக்காது, கீழ் அளவு இறங்கும். ஆக 72 என்பது உங்கள் அம்மா விஷயத்தில் நல்ல செய்தி அல்ல. இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக் கூட குழாய் விறைத்திருக்கிறது என்று பொருள். 60 வயதுக்கு மேல் பக்கவாதத்துக்கும் இதயக் கோளாறுக்கும் மேல் அளவுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது.

தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்ற கணக்கை நம் ஊரில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, அதனால் போன உயிர்கள் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரை நிறுத்தியதற்கு அம்மா சொல்லாத காரணம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாப்ரில், ராமிப்ரில் வகைகளில் வறட்டு இருமல் வரும், இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். "கால் வீங்குது, கிட்னி போச்சு போல" என்று பயந்து தானாகவே நிறுத்திவிடுவார்கள். இதற்கெல்லாம் மாற்று மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஆரம்பித்த பிறகு முதல் சில வாரம் எழுந்து நின்ற நிலையிலும் ஒரு தடவை பிரஷர் பாருங்கள், இந்த வயதில் நின்றதும் இறங்கி விழுந்துவிடக் கூடாது.

அம்மாவால் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம், வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

சாதா உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையும் என்று வாட்ஸப்பில் வந்தது. மாறலாமா? — வாசகி, ஆற்காடு

வேண்டாம் அம்மா. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், கல்லுப்பும் அதேதான். நிறம்தான் வேறு. போதாக்குறைக்கு அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறினால் தைராய்டு பக்கம் வேறு தொல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, கூழுக்குப் போடுவது, மோருக்குப் போடுவது எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். களிக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் அன்றைக்கு ஊறுகாயைத் தொடாதீர்கள். களிக்குக் கீரைக் கடைசல் இன்னும் நல்லது, கீரையில் உள்ள பொட்டாசியம் பிரஷரை இறக்க உதவும். "வேலூர் வெயிலில் வேர்த்துக் கொட்டுதே, உப்பு சேர்த்தால்தானே தெம்பு" என்று கேட்பார்கள். காடு கழனியில், செங்கல் சூளையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது சரி, வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சாப்பாட்டு உப்பே அதிகம். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது, அது உண்மையிலேயே பிரஷரைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் மாதிரி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

39 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பை இரண்டையும் சேர்த்து. "இனி தொல்லை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது 44, பிரஷர் 146/92, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த வயதிலேயே ஏன்? — வாசகி, வாணியம்பாடி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. உங்களுக்கு வயது 44 என்றாலும் உங்கள் ரத்தக்குழாய்கள் மெனோபாஸ் ஆகி ஐந்து வருஷமாகிவிட்டது. நம் நாட்டுப் பெண்களுக்கு இயற்கையாகவே சராசரி 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது, அதற்கும் முன்னால் சினைப்பையை எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறையாது, ஒரே நாளில் நின்றுவிடும். அப்படிச் சீக்கிரம் நின்றவர்களுக்கு இதய நோயும் எலும்புத் தேய்மானமும் சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பையையும் இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் மாதிரி தடை எதுவும் இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரை ஹார்மோன் கொடுப்பது வழக்கம். யாரும் உங்களிடம் இதைப் பேசியதாகத் தெரியவில்லை. இப்போதாவது ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள், பழைய ஆபரேஷன் பேப்பர்களோடு போங்கள்.

மூச்சு வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். ஈசிஜியும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோவும் எடுக்க வேண்டும். பெண்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரிதான் வரும் என்பதில்லை. மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி, தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல் என்றும் வரும், அதை "கேஸ்" என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்துகிறோம். எக்கோவில் பம்பிங் நார்மல் என்று வந்தாலும் அத்தோடு விடாதீர்கள். இதயத் தசை தடித்து விறைத்திருந்தால் பம்பிங் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கும். "தசை தளர்வது எப்படி இருக்கிறது" என்று சேர்த்துக் கேளுங்கள்.

கர்ப்பப்பையை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இதைப் படிக்கிற தங்கைகளுக்கும் சொல்கிறேன், "சினைப்பையையும் சேர்த்தா எடுக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மனைவிக்கு 55 வயது. இரண்டு மாத்திரை போட்டும் காலை பிரஷர் 160க்குக் கீழே வரவில்லை. நான்கைந்து வருஷமாக பலமாகக் குறட்டை விடுகிறாள், பகலில் டிவி முன்னாலேயே தூங்கிவிடுகிறாள். — கணவர், வாலாஜா

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது ஐயா. குறட்டைக்கு நடுவே சில நொடி சத்தமே இல்லாமல் போய், திடுக்கென்று மூச்சை இழுக்கிறார்களா என்று இன்று இரவு கவனியுங்கள், செல்போனில் பதிவும் செய்யுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு நன்றாகவே கூடுகிறது. நமக்கெல்லாம் தூங்கும்போது பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்கும், மூச்சு தடைபடுகிறவர்களுக்கு இறங்காது. குழாய்களுக்கு இரவிலும் ஓய்வு கிடையாது. தூக்கப் பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்கிறார் ஒருவர், ஹார்ட் அட்டாக் வரும் என்கிறார் இன்னொருவர். — ஆசிரியை, 50 வயது, வேலூர்

இரண்டு பேச்சுக்கும் வரலாறு உண்டு. 1990களில் இதயத்தைக் காக்கும் என்று நம்பித்தான் நிறையப் பேருக்குக் கொடுத்தார்கள். 2002இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வை, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள், உலகமே பயந்துபோனது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பலர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பது பிறகுதான் சரியாகக் கவனிக்கப்பட்டது. இப்போதைய நிலை இதுதான்: திடீர்ச் சூடும் தூக்கமின்மையும் தாங்க முடியாமல் இருக்கிறது, வயது 60க்குள், நின்று 10 வருஷத்துக்குள், வேறு தடை இல்லை என்றால் எடுக்கலாம். இதயத்தைக் காப்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது. பிரஷர் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும், தோலில் ஒட்டும், தடவும் வகைகளில் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. இதயத்துக்கு என்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வேகநடை. கோட்டை மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

25 வருஷத்துக்கு முன் முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி, கைகால் வீங்கி, எட்டாம் மாசமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதற்கப்புறம் பிரஷர் சரியாகிவிட்டது. இப்போது 49, மாதவிலக்கு நின்று ஆறு மாசம். அந்தப் பழைய விஷயத்தை டாக்டரிடம் சொல்லணுமா? அந்தக் குழந்தைதான் இப்போது முதல் தடவை உண்டாகியிருக்கிறாள், 10 வாரம். — வாசகி, போளூர்

சொல்ல வேண்டும் அம்மா, முதல் வரியாகவே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் அப்படி பிரஷர் ஏறியவர்களுக்குப் பின்னாளில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கும், இதய நோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கும் அதிகம். மெனோபாஸ் வரும்போது அது இரட்டிப்புச் சுமை. நீங்களாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1902இல் வேலூரில் பெண்களுக்காக மருத்துவமனை திறந்து, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். பிரசவத்தில் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதை இந்த மண் அப்போதே கற்றுக்கொண்டது, இன்று கர்ப்பிணி ஒவ்வொரு தடவை போகும்போதும் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் கடைசிப் பிள்ளை பிறந்து பிரசவக் கார்டை உள்ளே வைத்த பிறகு அதே கையில் யாரும் பட்டை கட்டுவதில்லை, இருபது வருஷம் ஓடிவிடும், அடுத்து கட்டும்போது வாய் கோணிப் போயிருக்கும். தினமும் இருபது முப்பது பேருக்கு பிரஷர் பார்க்கிற எனக்கே, 51 வயதில் எங்கள் நர்ஸ் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தபோது 148/92 இருந்தது. அதற்கு முன் எனக்கு எப்போது பார்த்தது என்று யோசித்தேன், என் இரண்டாவது பிரசவத்தின்போது.

உங்களுக்கு இப்போதே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் பாருங்கள், நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை. பீரோவில் அந்தப் பழைய பிரசவக் கார்டு இருந்தால் தேடி எடுத்து போனில் படம் பிடித்து வையுங்கள்.

மகள் விஷயம் அவசரம். அம்மாவுக்கு அப்படி ஏறியிருந்தால் மகளுக்கும் ஏற வாய்ப்பு அதிகம், அவளுக்கு இது முதல் கர்ப்பம் வேறு. இப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு போங்கள், கையில் அந்தக் கார்டோடு.